ஊருணியும் உண்டியலும்

கொடுத்தல் நல்லது என்பதில் மாந்தருக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கொடுத்தது நன்மை செய்ததா என்று கேட்பதில்தான் தயக்கம் எழுகிறது. அக்கேள்வி கொடுத்தவரின் மனத்தைப் புண்படுத்துமோ, பெற்றவரின் மானத்தைக் குறைக்குமோ என்னும் அச்சமே தயக்கத்திற்குக் காரணம். ஆயினும் அதனைக் கேளாது விடுவதும் ஓர் அறப்பிழையே ஆகும்.

தஞ்சோங் காராங்கிலும் கோலசிலாங்கூரிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் தமிழருக்கு இக்கேள்வி அயலார் கேள்வி அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளை அழித்தபோதும், 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோதும் மலேசியத் தமிழர் உண்டியல் ஏந்தினர். அவ்வுண்டியல்களில் பால்மரம் சீவியவரின் வெள்ளியும் செம்பனைக் குலை வெட்டியவரின் வெள்ளியும் கலந்திருந்தன. வீட்டுச் செலவுக்கே போதாத கூலியிலிருந்து எடுத்துத் தந்த பணம் அது.

அப்பணம் உரியவர் கையில் சேர்ந்ததா என்பது கொடுத்தவர் கேட்கும் முதற் கேள்வி. அது முறையான கேள்வியே. எனினும் முதற்படி மட்டுமே. சேர்ந்த பணம் வாழ்வாக மாறிற்றா என்பது இரண்டாம் படி. அவ்வாழ்வு பெற்றவரின் உரிமையாக நிலைத்ததா, அன்றிக் கொடுத்தவர் நினைத்தால் பறிக்கத்தக்க சலுகையாகவே நின்றதா என்பது மூன்றாம் படி. உள்நாட்டுப் போரில் நலிந்த நாடுகளுக்குச் செல்லும் வளர்ச்சி உதவி பெரும்பாலும் முதற்படியிலேயே அளந்து பார்க்கப்படுகிறது. அதன் வெற்றியும் தோல்வியும் உறுதியாவதோ மூன்றாம் படியில்.

வள்ளுவர் வகுத்த இரண்டு

திருக்குறளின் அறத்துப்பாலில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் கொடுத்தலைப் பற்றியவையே. அங்ஙனமாயின் ஒன்றை இரண்டாக வகுத்தது ஏன்? விடையை வள்ளுவர் காட்டும் உவமைகளிலேயே காணலாம்.

ஈகையில் இரப்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் முகம் வாடியிருக்கிறது. அம்முகம் மலரும்வரை, இரக்கப்படுதலும் இன்னாததே என்கிறார் வள்ளுவர். ஒப்புரவிலோ இரப்பவன் இல்லை. நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் ஆகிய மூன்றையும் அங்கே உவமையாகக் காட்டுகிறார். ஊருணியில் குடம் நிறைத்துச் செல்பவள் எவரிடமும் கைகூப்புவதில்லை. ஊரினள் என்பதே அவளுக்குப் போதிய தகுதி. தூர் வாரும் நாளில் அவள் வீட்டாரும் மண்வெட்டியோடு வருவர். கரை உடைந்தால் அவளும் குரல் எழுப்புவாள்.

உண்டியல் ஈகையின் அடையாளம் என்றால், ஊருணி ஒப்புரவின் அடையாளம் எனலாம். குண்டு விழுந்த மறுநாள் உண்டியலே வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் பத்தாண்டு கழிந்தும் உண்டியலாகவே இருக்கும் உதவி, பெற்றவரை என்றும் இரப்பவராகவே வைத்திருக்கும். ஆகவே போருக்குப் பிந்திய உதவியின் பயன் அதன் தொகையைப் பொறுத்ததன்று. ஈகையாகத் தொடங்கியது எந்நாளில், எவ்வழியில் ஒப்புரவாக மாறுகிறது என்பதையே அது பொறுத்துள்ளது.

வேலிக்குள் வந்த உதவி

இதற்குச் சான்று தேடி மலேசியர் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில்தான் அது முடிவுற்றது. 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள், அவர்களுள் மிகப் பலர் சீனர், 400க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரும் சிதறிய லயங்களிலிருந்து முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டனர். வெளியே சோறு கொண்டு செல்லக் கூடாது என்று தடை இருந்தது. சில இடங்களில் அரிசியைப் பொதுவில் சமைத்தே வழங்கினர்.

அவ்வேலிக்குள் பள்ளியும் மருந்தகமும் குழாய்நீரும் வந்தன என்பது உண்மை. அவை வந்தது அன்பினால் மட்டுமன்று, அச்சத்தினாலும்தான் என்பதும் உண்மை. காட்டிலிருந்தவரை மக்களிடமிருந்து பிரிப்பதே ஆட்சியின் முதல் நோக்கமாக இருந்தது. மக்களுக்கு அளித்த வசதி அந்நோக்கத்தின் கருவி.

அங்ஙனமாயினும் வேலிகள் வீழ்ந்தபின் அவ்வூர்களுட் பல அழியவில்லை; இன்றும் ஊர்களாகவே நிலைத்திருக்கின்றன. குழாய்நீர் ஒன்றே அதற்குக் காரணமன்று. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஊராட்சி மன்றத் தேர்தலுக்கு வாய்ப்பு ஏற்பட்டது. குடியுரிமை விதிகள் படிப்படியாகத் தளர்ந்தன. 1957இல் நாடு விடுதலை பெற்றது. வேலிக்குள் கொடையாகப் பெற்றதை வேலிக்கு வெளியே குடிமகனாக நின்று கேட்கும் நிலை தோன்றிற்று. குறைகள் பல எஞ்சின. நில உரிமைப் பட்டாவுக்காக நெடுங்காலம் காத்திருந்தவர் உண்டு. எனினும் மாற்றத்தின் திசை சரியானது.

இலங்கை அதே 1948ஆம் ஆண்டில் எதிர்த்திசையில் நடந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உரிமை குறைந்த மண்ணில் பின்னாளில் கொட்டிய உதவிக்கு நேர்ந்தது யாது என்பதை இனிக் காண்போம்.

பேரலை ஒன்று, கரைகள் இரண்டு

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின், 2003 ஜூன் மாதம் தோக்கியோவில் உதவி நாடுகளின் மாநாடு கூடியது. இலங்கைக்கு 450 கோடி அமெரிக்க டாலர் வழங்குவதாக வாக்களித்தனர். அமைதி முயற்சியின் முன்னேற்றத்தோடு அவ்வுதவியைப் பிணைத்தனர். பொருளின் மீதுள்ள விருப்பம் இரு தரப்பையும் அமைதிக்கு ஈர்க்கும் என்பது அவர்தம் கணக்கு. ஆனால் விடுதலைப் புலிகள் ஏப்ரலிலேயே பேச்சுவார்த்தையிலிருந்து விலகியிருந்தனர், மாநாட்டுக்கும் வரவில்லை. 2006இல் போர் மீண்டும் மூண்டது. மண்ணும் மானமும் அதிகாரமும் பற்றிய வழக்கைப் பணத்தால் தீர்க்கலாம் என்ற எண்ணம் பொய்த்தது.

இடையே பேரலை வந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துயரம் இனம் பாராது வந்தமையால், உதவியும் இனம் பாராது சேரும் என்று உலகம் நம்பிற்று. அரசும் புலிகளும் இணைந்து உதவியைப் பங்கிடும் பொதுக் கட்டமைப்பு ஒன்று 2005 ஜூன் மாதம் கையெழுத்தாயிற்று. அடுத்த மாதமே அதன் முக்கிய பகுதிகளுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கொடுக்கும் கை நீண்டிருந்தது. அதனை வாங்கிப் பகிரும் கை யாருடையது என்பதில் உடன்பாடு இல்லை.

அதே அலை மலாக்கா நீரிணையின் வடமுனையில் ஆச்சேயையும் தாக்கிற்று. அங்கும் 1976 முதல் உள்நாட்டுப் போர். அங்கோ 2005 ஆகஸ்டு 15ஆம் நாள் எல்சிங்கியில் உடன்படிக்கை ஏற்பட்டது, அமைதி நிலைத்தது. உதவிப் பணம் ஆச்சேயில் மிகுதி, இலங்கையில் குறைவு என்று இதற்கு விளக்கம் கூற இயலாது. ஆச்சேயில் தன்னாட்சியும், வட்டாரக் கட்சிகள் தேர்தலில் நிற்கும் உரிமையும் பேச்சில் இடம்பெற்றன. பணம் அவற்றைப் பின்தொடர்ந்தது. இலங்கையில் பணம் முன்னே வந்தது. உரிமை பின்னே வரவில்லை. ஆச்சேயிலும் ஒரு குறை உண்டு. பேரலையால் வீடிழந்த கரையோரத்தார் பெற்ற அளவு உதவியை, போரால் வீடிழந்த உள்நாட்டார் பெறவில்லை. உலகத்தின் இரக்கம் கண்ணுக்குத் தெரிந்த அழிவின் பக்கமே சாய்ந்தது.

வீடும் கடனும்

2009இல் போர் முடிந்ததும் வவுனியாவை அடுத்த மெனிக் பாம் முகாமில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். உணவும் மருந்தும் கொடுத்தனர். வெளியே செல்லும் உரிமையைப் பல மாதம் கொடுக்கவில்லை. முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்ட தலைமுறையின் வழிவந்த மலேசியத் தமிழர்க்கு இக்காட்சியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. அம்முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

அதன்பின் பாதைகள் எழுந்தன. 1990இல் நின்ற யாழ்தேவி இரயில் 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. கண்டி வீதி புதுப்பிக்கப்பட்டது. இவற்றை இகழ்தல் முறையன்று. பாதை இல்லாத ஊரில் நோயாளி வழியிலேயே இறப்பான். வெங்காயம் வயலிலேயே அழுகும். எனினும் இவை பெரும்பாலும் கடனுதவியால் எழுந்தவை. கடனையும் உதவி என்று சொல்வது வழக்கமாயிற்று. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென அறிவித்த பொழுது, அச்சொல்லின் எடையை நாடு முழுதும் உணர்ந்தது.

உதவியின் தன்மையை நுட்பமாகக் காட்டுவன வீடுகள். 2010இல் இந்தியா 50,000 வீடுகள் அளிப்பதாக அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டினர். 2012 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாற்றப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், வேலை முன்னேற முன்னேறத் தவணையாக வங்கிக் கணக்கில் சேர்ந்தது. வீட்டை உடையவரே கட்டினர். வாயில் எத்திசை, சமையலறை எங்கே, சாமியறை வேண்டுமா என்பதைக் குடியிருப்பவரே முடிவு செய்தனர். பல ஆண்டு முகாமில் வரிசையில் நின்று வாழ்ந்தவர்க்கு, தம் வீட்டு வாயிலின் திசையைத் தாமே முடிவு செய்வது சிறு செய்தியன்று.

இதற்கு மாறானதும் நிகழவிருந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் வடகிழக்கில் 65,000 இரும்பு வீடுகளை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஒவ்வொன்றின் விலையும் 20 இலட்சம் ரூபாய்க்கு மேல். அத்தொகையில் இரண்டு கல்வீடுகள் கட்டலாம், அவ்வெயிலுக்கு இரும்பு ஒவ்வாது, உள்ளூர்க் கொத்தனுக்கும் தச்சனுக்கும் அதில் வேலை இல்லை என்று மக்கள் சார்பில் பேசியோர் எதிர்த்தனர். அத்திட்டம் எண்ணியபடி நிறைவேறவில்லை. விலை உயர்ந்த கொடையை வறியவர் மறுத்தது செருக்கு என்று சிலர் கருதக்கூடும். தமக்குப் பொருந்தாததை வேண்டாமென்று சொல்லும் வலிமையே மீட்சியின் முதல் அறிகுறி என்று கொள்வது பொருந்தும்.

உடையவரே கட்டும் முறையும் குறையற்றதன்று. பொருள் விலை ஏறியது, அளித்த தொகை போதாமல் சிலர் நகையை அடகு வைத்தனர், சிலர் கடன்பட்டனர். கணவனைப் போரில் இழந்த பெண்களின் படலையைத் தேடி நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. 2018இல் வறட்சிப் பகுதிப் பெண்களின் நுண்கடன் சுமையைக் குறைக்க அரசே திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. சுவர் எழுந்தது, உழைப்பும் வருவாயும் அதனோடு எழவில்லை. நிலமே கிடைக்காதோர் நிலையோ இன்னும் கடினம். படையினர் வசமிருந்த தம் காணியைக் கேட்டு 2017இல் கேப்பாப்புலவு மக்கள் வீதியோரம் அமர்ந்தனர். அவர்கள் கேட்டது புதிய கொடையன்று, பழைய உடைமை.

இரணைமடு நீர்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. அவ்வட்டார நெல்வயல்களுக்கு அதுவே உயிர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கிணற்றுநீரும் கெட்டு வருகிறது. ஆகவே குளத்தின் கொள்ளளவை உயர்த்தி, அதிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டு செல்லும் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2010இல் கடனுதவி வழங்க இசைந்தது. தாகத்துக்குத் தண்ணீர் தருவது உயர்ந்த அறமல்லவா? ஆனால் கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். போரில் யாவும் இழந்து மீண்டவர் அவர். எஞ்சியிருந்தது வயல் ஒன்றே. கோடையில் தம் பயிருக்கே போதாத நீரை எவ்வாறு பகிர்வது என்று கேட்டனர்.

இங்கே தீயவர் எவருமில்லை. குடிநீர் கேட்டவரும் தமிழர். வயல்நீர் கேட்டவரும் தமிழர். இருவரும் போரில் நொந்தவர். நன்மை ஒன்றைக் கருதி வந்த உதவி, உடன்பிறந்தாரிடையே வழக்கைத் தோற்றுவித்தது. முடிவில் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்து, 2024இல் திறக்கப்பட்டது. உழவர் சொல்லைக் கேட்டமையால் செலவு கூடிற்று. குடாநாட்டார் பல ஆண்டு கூடுதலாகக் காத்திருந்தனர். கேட்பதற்கும் விலை உண்டு என்பதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. கேளாமைக்கு உரிய விலையோ பின்னர், வட்டியோடு வருவது.

எழக்கூடிய மறுப்பு

பசித்தவனிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருப்பதா, முதலில் சோறு இடுவதா என்று சிலர் வினவலாம். சோறே முதல், அதனை எவரும் மறுப்பதற்கில்லை. சோற்றுக்குப் பிறகு என்ன என்பதே வழக்கு. பொருளியல் அறிஞர் பால் கோலியரும் ஆங்கே ஹோஃப்லரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்கு எண்ணத்தக்கது. போர் ஓய்ந்த முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் உதவி ஏற்கும் ஆற்றல் வழக்கத்தினும் மிகுவதில்லை. அப்பத்தாண்டின் எஞ்சிய காலத்தில் அது ஏறத்தாழ இருமடங்காகிறது என்று அவர்கள் கண்டனர். உலக வழக்கமோ இதற்கு நேர்மாறு. அழிவின் படங்கள் செய்தியில் வரும்வரை பணம் பெருகும். ஏற்கும் ஆற்றல் முதிரும் வேளையில் கொடுப்பவர் கண் வேறு நாட்டுக்குத் திரும்பிவிடும். பால்மரக் கன்றை நட்டவர் ஆறேழு ஆண்டு காத்திருந்தே அதில் கத்தி வைப்பர். கன்று நட்ட மூன்றாம் ஆண்டில் பால் வரவில்லை என்று தோட்டத்தைக் கைவிட்டவரை அறிவுடையவர் என எவரும் கூறார்.

பணம் பெருகினால் குறை தீரும் என்பாருக்கு ஆப்கானிஸ்தான் பாடமாக உள்ளது. 2001 முதல் இருபது ஆண்டு அங்கு அயல்நாட்டுப் பணம் பாய்ந்தது. அரசின் செலவில் பெரும்பகுதியை அதுவே தாங்கிற்று. 2021 ஆகஸ்டில் அவ்வரசு சரிந்தது. மக்கள் வரியால் வாழாத அரசு மக்களுக்குக் கணக்குக் காட்டப் பழகவில்லை. பணம் தந்த நாடுகளுக்கே கணக்குக் காட்டிற்று. 1948 முதல் 1952 வரை மேற்கு ஐரோப்பாவை எழுப்பிய மார்ஷல் திட்டத்தைக் காட்டுவாரும் உண்டு. அங்கே இடிந்தவை பாலமும் ஆலையும். அவற்றை நடத்தத் தெரிந்த மக்களும் பெரும்பாலும் மக்களாட்சி முறையும் எஞ்சியிருந்தன. உள்நாட்டுப் போரில் முதலில் இடிவது அயலான்மேல் கொண்ட நம்பிக்கை. அதற்குச் சிமெந்து இல்லை.

தஞ்சோங் காராங்கின் கால்வாய்

தஞ்சோங் காராங்கில் நிற்பவர் கண்முன் இப்பாடத்தின் வடிவம் ஒன்று நீண்டு கிடக்கிறது. இங்குள்ளார் தாலி ஆயர் என்று அழைக்கும் கால்வாய் அது. பெர்ணம் ஆற்று நீரைத் தெங்கி ஆற்றின் வழியே நெல்வயலுக்குக் கொண்டுவரும் இத்திட்டம் 1930களில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. அரிசிக்கு அயல்நாட்டை நம்பியிருக்கும் நிலை அவ்வாட்சிக்கு அச்சம் தந்தது. எனவே கால்வாய் வெட்டினர். 1970களின் இறுதியில் உலக வங்கியின் கடனுதவியோடு வடமேற்குச் சிலாங்கூர் வேளாண்மை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. வெட்டியவர் போயினர், கடன் தந்தவரும் போயினர், நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்நீரை யார் தந்தார் என்று எந்த உழவரும் இன்று நன்றி கூறிக் குனிவதில்லை. மடை திறக்கத் தாமதமானால் அதிகாரியைக் கேட்கிறார். கொடை ஊருணியாகிவிட்டது என்பதற்கு அக்கேள்வியே சான்று.

அவ்வயல்களுக்கு அருகிலிருந்தும் தோட்டத்துத் தமிழர் பெரும்பாலும் பால்மரத்தையே நம்பி வாழ்ந்தனர். விடுதலைக்குப் பின் ஆங்கிலேயர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது நிலமும் வீடும் இன்றி நின்றனர். அந்நாளில் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் எல்லாக் குறையையும் தீர்த்துவிடவில்லை. எனினும் அந்தப் பத்து வெள்ளிக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. தந்தவரே உடையவர், உடையவரே கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் உரிமையர்.

உண்டியலில் பத்து வெள்ளி இட்டவரும், சங்கத்தில் பத்து வெள்ளி செலுத்தியவரும் ஒரே தோட்டத்தார். பல வேளை ஒரே குடும்பத்தார். தமக்குப் பின்னதை விரும்பியவர், பிறர்க்கு முன்னது போதும் என்று எண்ணலாகாது. மற்றொரு நாள் மற்றொரு நாட்டின் போருக்குப் பின் உண்டியல் வாயிலுக்கு வரும். அன்றும் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது பணம் சேருமா என்பதோடு மேலும் மூன்றைக் கேட்டல் நலம்: பெறுவோர் வேண்டாம் என்று சொல்ல இடம் உண்டா? நிலம் யார் பெயரில் நிற்கும்? ஏழாம் ஆண்டிலும் கொடுப்பவர் நினைவில் அவ்வூர் இருக்குமா? இவற்றுக்கு விடை கேட்பவர் கொடையைக் குறைப்பவரல்லர். பெறுபவரைத் தம்மோடு ஒப்ப வைத்து எண்ணுபவர் அவர். ஒப்புரவு என்னும் சொல்லின் பொருளும் அதுவே.